ஹெல்வெட்டியா எந்த நாடு? ஸ்டாம்பில் ஒரு ஜோடி ஆட்டம்

கடையில் விற்கும் ஜோடி சேர்க்கும் ஆட்டத்தில் ஒரே படம் இரண்டு அட்டையில் இருக்கும். தபால் ஸ்டாம்புகளை அட்டையில் ஒட்டி நாமே செய்யும் இந்த ஆட்டத்தில் ஒரே நாட்டின் இரண்டு வேறு ஸ்டாம்புகள்தான் ஜோடி. ஒன்றில் மீன், மற்றதில் ரயில். படம் உதவாது என்பதால் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நாட்டின் பெயரைப் பிள்ளைகள் வாசித்தே ஆக வேண்டும்.

12 நாடுகள், நாட்டுக்கு இரண்டு, ஆக 24 ஸ்டாம்ப். பயன்படுத்திய, சாதாரண ஸ்டாம்புகளே போதும். பல நாட்டு ஸ்டாம்புகள் கலந்த பாக்கெட் ஒன்று வாங்கினால் தேறிவிடும். தாத்தாவின் பழைய ஆல்பத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அட்டையில் ஒட்டிய ஸ்டாம்புக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்பில்லை.

நாடுகளைப் பொறுக்குவதில்தான் ஆட்டத்தின் சுவையே. இந்தியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போல நேராக வாசிக்கக்கூடியவை ஆறு எடுங்கள். இலங்கையை விட்டுவிடாதீர்கள், தமிழிலேயே 'இலங்கை' என்று அச்சிட்டிருக்கும், எழுத்துக்கூட்டும் குழந்தைக்கும் அது கிடைக்கும். மீதி ஆறும் புதிராக இருக்கட்டும்: 'ஹெல்வெட்டியா' சுவிட்சர்லாந்து, 'சுவோமி' பின்லாந்து, 'மாக்யார்' ஹங்கேரி, 'நிப்பான்' ஜப்பான். பழைய ரஷ்ய ஸ்டாம்பைப் பிள்ளைகள் 'சிசிசிபி' என்று வாசிப்பார்கள். ரஷ்ய எழுத்தில் அது 'எஸ்எஸ்எஸ்ஆர்', அதாவது சோவியத் யூனியன். பிரிட்டிஷ் ஸ்டாம்பில் பெயரே இருக்காது. 1840இல் ஸ்டாம்பைத் தொடங்கிவைத்த நாடு, இன்றும் ராணி அல்லது ராஜாவின் தலையை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. பெரிய பிள்ளைகள் ஆடினால் இலங்கை ஜோடியில் ஒன்றை 1972க்கு முந்தைய 'சிலோன்' ஸ்டாம்பாக வையுங்கள்.

உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பை உரிக்கக் கூடாது. முதுகுத் தாள் பிய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையாகத் தெரியும். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் போடுங்கள். பசை இளகியதும் தானே வழுக்கிக்கொண்டு வரும். சிவப்பு, பச்சை உறைத் துண்டுகளுக்குத் தனிக் கிண்ணம் வேண்டும், சாயம் இறங்கி மற்றதையும் கெடுக்கும். பிறகு வெள்ளைத் தாளில் படம் கீழே இருக்கும்படி காய வையுங்கள். மாற்றி வைத்தால் மிச்சப் பசை தாளோடு ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். காய்ந்ததும் சுருண்டு கிடக்கும், ஓர் இரவு கனமான புத்தகத்துக்குள் வைத்தால் சரியாகிவிடும். ஸ்டிக்கர் போல வரும் புது ஸ்டாம்புகள் தண்ணீருக்கு அசையாமல் அடம் பிடிக்கலாம். அவற்றை உறைத் தாளோடு சேர்த்து வெட்டி அப்படியே ஒட்டிவிடுங்கள்.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஐவரி போர்டு என்னும் கெட்டி அட்டை, ஏ4 அளவில் இரண்டு. 7 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஒன்றில் 12 வீதம் 24 கச்சிதமாக வரும். சார்ட் பேப்பர் மெல்லியது, ஸ்டாம்ப் பின்பக்கம் நிழலாடும். கல்யாணப் பத்திரிகை அட்டையும் உதவாது. முதுகு ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் இரண்டாவது ஆட்டத்திலேயே பிள்ளைகள் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஒட்டுவதற்கு க்ளூ ஸ்டிக்தான் சரி. ஃபெவிகால் ஈரத்தில் ஸ்டாம்ப் அலை அலையாகிவிடும். ஸ்டாம்பின் மேலே 2 அங்குலக் கண்ணாடி டேப் ஒன்று. நுனியைப் பின்னால் மடிக்காமல் விளிம்போடு வெட்டுங்கள், மடித்தால் அதுவும் ஓர் அடையாளமே.

அட்டைகளைக் கவிழ்த்து நாலு வரிசை, வரிசைக்கு ஆறு என்று பரப்புங்கள். இரண்டு முதல் நாலு பேர் ஆடலாம். முறை வரும்போது இரண்டைத் திருப்ப வேண்டும். ஜோடியாக இருந்தால் மட்டும் போதாது, எந்த நாடு என்று சொன்னால்தான் அட்டை கைக்கு வரும். தெரியாமல் விழித்தால் அடுத்தவர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். சேராவிட்டால் இருந்த இடத்திலேயே கவிழ்க்க வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஆறு ஜோடியோடு தொடங்குங்கள். ஹெல்வெட்டியாவைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.