காலை எடுத்தால் வழுக்கிய பிக்கப்

உயரம் குறைத்து, சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வலுவைக் கூட்டும் கருவி) பூட்டிய பின்சக்கர இயக்கப் பிக்கப் டிரக். அமெரிக்காவின் மிச்சிகனில் பனி விழத் தொடங்கியதிலிருந்து ஒரே தொல்லை: சிக்னலை நெருங்கும்போதெல்லாம் பின்பக்கம் பக்கவாட்டில் விலகியது.

கோடைக்கால டயர்கள் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிவிடும் என்பதால் முதலில் குளிர்கால டயர்களுக்கு மாறினேன். புறப்படுவதும் பிரேக் பிடிப்பதும் சீராகின; வழுக்கல் மட்டும் போகவில்லை. பின்கதவை ஒட்டி மணல் மூட்டைகளை அடுக்கியதில் முன்சக்கரங்களின் பிடிதான் குறைந்தது. பட்டறையில் அலைன்மென்ட் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள்; கோணங்கள் சரியாகவே இருந்தன.

விடை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் டாக்கோமீட்டரில் இருந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இறங்க வேண்டிய முள், 1,500-லிருந்து 2,500-க்குத் துள்ளியது. அடுத்த கணம் வால் விலகியது. வேகத்துக்காக எழுதப்பட்ட டியூன் (எஞ்சினையும் கியரையும் ஆளும் மென்பொருள் அமைப்பு), கியரைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. கியர் குறைந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; அந்த எஞ்சின் பிரேக் முழுவதும் பின்சக்கரங்களில் மட்டும் விழும். இரு பின்சக்கரங்களையும் பிணைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அவ்விரண்டையும் சேர்த்தே வழுக்கவைக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ பிரேக்கை மிதித்தால்தான் விழிக்கும்!

காலியான வாகன நிறுத்துமிடத்தில், மேனுவல் முறையில் நான்காம் கியரிலேயே வைத்துக் காலை எடுத்துப் பார்த்தேன். வால் அசையவில்லை. பிறகு கியர் மாறும் அட்டவணையைத் தொழிற்சாலை அளவுக்கே திருப்பி, குளிர்காலத்துக்கென்று தனி டியூன் ஏற்றினேன். மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே நகர்த்திக் கட்டினேன். நேற்றுப் பனியில் வண்டி நேராக நின்றது, அப்பாடா. சூப்பர்சார்ஜரில் கை வைக்கவே தேவைப்படவில்லை.