ஒருவேளையா, ஒரு வேளையா?

அம்மாவின் மாத்திரை உறையில் "ஒருவேளை மட்டும் சாப்பிடவும்" என்று எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை சாப்பிட்டால் போதும் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. அதற்கு 'ஒரு வேளை' என்று இடம் விட்டு எழுத வேண்டும். இரண்டு வேளை, மூன்று வேளை என்று எண்ண முடிந்தால் அது தனிச்சொல். சேர்த்து எழுதும் 'ஒருவேளை' ஐயத்தைக் காட்டுவது. அதை எண்ண முடியாது.

இன்னொரு தவறு 'ஒருவேலை மழை வந்தால்'. போனில் தட்டும்போது ளகரம் லகரமாகிவிடுகிறது. வேலை என்றால் செய்கிற வேலை. வேளை என்றால் பொழுது. ஒருவேளை என்ற பொருளிலேயே வரும் 'ஒருக்கால்' என்ற சொல்லும் அப்படித்தான், அதில் கால் என்பது பொழுது. யாழ்ப்பாணத்தில் "ஒருக்கா வாங்கோ" என்பார்கள். அங்கே 'ஒரு தடவை' என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எழுத்துப்பிழையைவிட எனக்கு உறுத்துவது வாக்கியத்தின் முடிவு. 'ஒருவேளை அவர் கண்டிப்பாக வருவார்' என்று எழுதுகிறார்கள். தொடக்கத்தில் ஐயம், முடிவில் உறுதி. படிப்பவர் எதை நம்புவது? ஒருவேளை என்று தொடங்கினால் வினையும் அதற்கு இசைய வேண்டும்: 'ஒருவேளை வரலாம்', 'ஒருவேளை பஸ் போயிருக்குமோ?', 'ஒருவேளை அவர் வராவிட்டால்'.

'வரலாம்' என்பதிலேயே ஐயம் இருக்கிறதே, ஒருவேளை எதற்கு என்று சிலர் அடித்துவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் அது சரியில்லை. 'அவர் நாளை வரலாம்' என்பதற்கு இரண்டு பொருள்: வர அனுமதி உண்டு, அல்லது வந்தாலும் வருவார். 'ஒருவேளை அவர் நாளை வரலாம்' என்றால் அனுமதி என்ற பொருள் விலகிவிடும். 'வரக்கூடும்' என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஒருவேளையை விட்டுவிடலாம்.

அப்புறம், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் ஐயம் வரும் இடத்திலெல்லாம் 'ஒருவேளை' போட்டுவிடுகிறார்கள். பத்திக்கு நான்கு வந்தால் நடை தட்டுகிறது. தமிழில் வினையே அதைச் சொல்லிவிடும். 'இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்' என்பதில் ஊகம் இருக்கிறது, ஒருவேளை இல்லை. பாட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, "ஒருவேளை மழை பெய்யலாம்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "பெய்தாலும் பெய்யும், கொடியில் கிடக்கிற துணியை எடு" என்பார்.