தாளிப்பும் புளியும் இல்லாத ஒரு கறி: தாப்பாவ் கடை சாஸ் வீட்டிலேயே

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கறி சாஸுக்குக் கறிவேப்பிலை கிடையாது, கடுகு தாளிப்பு கிடையாது, புளியோ எலுமிச்சையோ கிடையாது. தேங்காய்ப்பால்கூட விருப்பம் இருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி, அவ்வளவுதான். நமக்குக் கறி என்றதும் கை தானாக அஞ்சறைப்பெட்டிக்குப் போகும். இன்றைக்கு மட்டும் அந்தக் கையைக் கொஞ்சம் அடக்கி வைத்தால்தான் இந்த சாஸ் வரும்.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சீனத் தாப்பாவ் கடைகளில், அதாவது பார்சல் சாப்பாட்டுக் கடைகளில், சிப்ஸ் (தடியாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) மேலும் ஃப்ரைட் ரைஸ் மேலும் ஊற்றித் தருவார்களே, மஞ்சளும் பழுப்புமாக, வழவழவென்று, அந்த சாஸைத்தான் சொல்கிறேன். 1950களிலும் 60களிலும் ஹாங்காங்கின் நியூ டெரிட்டரிஸ் கிராமங்களிலிருந்து நிறையப் பேர் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனார்கள். பழைய மீன், சிப்ஸ் கடைகளை எடுத்து நடத்தியவர்கள் அதில் பலர். அங்கே வந்து சாப்பிடும் வெள்ளைக்காரருக்குக் கறித்தூள் புதிதில்லை. லண்டனில் 1784லேயே அதற்குப் பத்திரிகை விளம்பரம் வந்திருக்கிறது. ஆக, அவர்கள் பழகிய கறித்தூள், மாவில் கெட்டியாக்கும் அவர்களுடைய கிரேவி முறை, சீனரின் கிச்சாப் (சோயா சாஸ்), அன்னாசிப்பூ வாசனை எல்லாம் ஒரே குவாலியில், அதாவது சீனர் வாணலியில், சேர்ந்துவிட்டன. வேல்ஸில் பாதி சோறு, பாதி சிப்ஸ் போட்டு அதன்மேல் இதை ஊற்றுவார்கள். அயர்லாந்தில் ஃப்ரைட் ரைஸ், சிப்ஸ், கறி சாஸ் மூன்றும் ஒரே டப்பாவில் வரும். ‘த்ரீ இன் ஒன்’ என்று கேட்டு வாங்குவார்களாம்.

மலேசியாவில் பினாங்கு பக்கம் பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் இது வந்தது என் அண்ணன் மகள் மூலம். மான்செஸ்டரில் படிப்பு முடித்து வந்தவள், இங்கே நாசி கண்டாரை (சோற்றின் மேல் பல கறிக் குழம்பு ஊற்றித் தரும் பினாங்குச் சாப்பாடு) சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டாலும் அந்த சாஸை மறக்கவில்லை. எப்படித்தான் இருக்கும் என்று கேட்டேன். “ஊத்தினா வழியணும் அத்தை, ஆனா சிப்ஸ் மேல நிக்கணும். காரம் தொண்டையில பிடிக்கக் கூடாது. முதல்ல இனிப்பு, அப்புறம்தான் கறி வாசனை.” எந்தச் செய்முறையைவிடவும் இந்த நாலு வரிதான் எனக்கு உதவியாக இருந்தது. நீங்களும் ஒவ்வொரு கட்டத்திலும் இதை நினைத்துக்கொண்டு ருசி பாருங்கள்.

முதல் வேலை தூள். நம் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் இறைச்சி மசாலாவில் மிளகாய் தூக்கலாக இருக்கும். ஆட்டுக்கறிக்கு அது அருமை, இதற்கு ஒத்துவராது. சாஸ் சிவந்துபோய் நம் குழம்பு மாதிரியே ஆகிவிடும். இதற்கு வேண்டியது மல்லியும் மஞ்சளும் வெந்தயமும் முன்னால் நிற்கும் தூள். நான் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போகும்போது லிட்டில் இந்தியாவில் முழுசாக வாங்கி வந்துவிடுவேன். மல்லி 80 கிராம், சீரகம் 20, வெந்தயம் 10, மிளகு 5, கடுகு 5, காய்ந்த மிளகாய் 5. இவற்றைச் சிறுதீயில் இரண்டு மூன்று நிமிடம் சூடு மட்டும் காட்டுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது போதும். நிறம் மாறும்வரை வறுத்தால் குழம்புப் பொடி வாசனை வந்துவிடும். ஆறியதும் 25 கிராம் மஞ்சள்தூள், 8 கிராம் சுக்குத்தூள் சேர்த்து நைஸாக அரைத்துச் சலியுங்கள். ஏறத்தாழ 160 கிராம் வரும். ஒரு தடவை விழுதுக்கு 40 கிராம் எடுத்தால் போதும். வெந்தயத்தைக் குறைக்காதீர்கள். பாக்கெட்டைத் திறந்ததும் வருமே ஒரு வெளிநாட்டுக் கறித்தூள் வாசனை, அதில் பாதி வெந்தயம்தான்.

கடைக்காரர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் முதலிலிருந்து வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். கெட்டி விழுது ஒன்று தயாராக இருக்கும். குவாலியில் கோழி எலும்புச் சாறு கொதித்ததும் ஒரு கரண்டி போட்டுக் கரைத்தால் சாஸ் ரெடி. நாமும் அப்படியே செய்யலாம், வாரநாளில் வேலை மிச்சம்.

விழுதுக்குப் பெரிய வெங்காயம் 250 கிராம், பொடியாக நறுக்கி. பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். கசப்பு ஏறும், எண்ணெயும் தெறிக்கும். 40 மில்லி எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்போடு போட்டு, தீயை நன்றாகக் குறைத்து, இருபது இருபத்தைந்து நிமிடம் விடுங்கள். அவசரம் வேண்டாம். பிரியாணிக்கு மாதிரி சிவக்கக் கூடாது, கரண்டியால் அழுத்தினால் மசியும் அளவுக்குக் கண்ணாடியாக, லேசான பொன்னிறத்தில் நிற்க வேண்டும். அண்ணன் மகள் சொன்ன அந்த முதல் இனிப்பில் பெரும்பங்கு இங்கேதான் வருகிறது. பிறகு சர்க்கரையைக் கொட்டி இதை ஈடுகட்ட முடியாது. கடைசி இரண்டு நிமிடத்தில் 4 பல் பூண்டும் ஒரு சின்னத் துண்டு இஞ்சியும் துருவிப் போட்டு, ஆறவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் பிளெண்டரில் வழுவழுப்பாக அரைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மாவு. அடி கனமான சட்டியில் 80 மில்லி எண்ணெய், 100 கிராம் சாதாரண வெள்ளைக் கோதுமை மாவு, அதாவது மைதா. ஆட்டா மாவு வேண்டாம். சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஒட்டும் பசை மாதிரி சோர்ந்து கிடக்கும். ஐந்தாறு நிமிடத்தில் தளர்ந்து, ஓரங்களில் நுண்ணிய குமிழிகள் வரும், பச்சை மாவு நெடி போய் வறுத்த வாசம் எழும். நிறம் கடற்கரை மணல் அளவுக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தூளை இப்போதுதான் போட வேண்டும், தீ எரியும்போது இல்லை. சட்டியில் இருக்கும் சூடே 40 கிராம் தூளுக்குப் போதும். கூடச் சூடு பட்டால் வெந்தயம் கசந்துவிடும். அந்தக் கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது. ஒரு நிமிடம் கிண்டினால் மஞ்சள் எண்ணெயில் இறங்கி, சட்டி முழுக்கப் பளபளவென்று ஆகும். அப்புறம் அரை டீஸ்பூன் ஃபைவ் ஸ்பைஸ் தூள் (அன்னாசிப்பூ சேர்ந்த சீன மசாலாத் தூள்), ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத்த வெங்காயம் எல்லாம் சேர்த்து, மறுபடி சிறுதீயில் மூன்று நான்கு நிமிடம் கிண்டி, எண்ணெய் லேசாகப் பிரிந்ததும் இறக்குங்கள். ஃபைவ் ஸ்பைஸ் அதிகமானால் லோ பாக் (ஃபைவ் ஸ்பைஸ் போட்ட இறைச்சிச் சுருள் பொரியல்) கடை வாசனை வந்துவிடும், அரை டீஸ்பூனோடு நிறுத்துங்கள்.

இந்த விழுது ஐந்து தடவைக்கு வரும். பூண்டு எண்ணெயில் இருப்பதால் வெளியே வைக்கவே கூடாது. ஒரு வாரத்துக்குள் தீர்ப்பதைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், மீதியைப் பங்கு பிரித்து ஃபிரீசரில் உறைய வையுங்கள்.

சாறுக்கு மார்க்கெட்டில் கோழிக்காரரிடம் எலும்பு மட்டும் கேட்டு வாங்குங்கள், சல்லிசாகக் கிடைக்கும். இஞ்சித் துண்டு, வெங்காயத்தாள் போட்டு ஒரு மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும், மசாலா எதுவும் வேண்டாம். நெத்திலிச் சாறு நம் நாக்குக்குப் பிடித்ததுதான், ஆனால் இந்த சாஸில் அதன் வாசனை துருத்திக்கொண்டு நிற்கும். சைவக்காரர்கள் காய்ந்த காளான் ஊறவைத்த தண்ணீரும் கேரட்டும் சேர்த்துக் கொதிக்கவைக்கலாம், நன்றாகவே வருகிறது.

250 மில்லி சாறு கொதி வந்ததும் நான்கு மேசைக்கரண்டி விழுதைப் போட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒரு டீஸ்பூன் வெளிர் கிச்சாப் ஊற்றுங்கள். கெட்டியான இனிப்புக் கிச்சாப் வேண்டாம், சாஸ் கறுத்துவிடும். அஜினமோட்டோ ஒரு சிட்டிகை. கடை ருசிக்கும் வீட்டு ருசிக்கும் உள்ள வித்தியாசத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் வீட்டில் போடுகிறோம், வேண்டாம் என்பவர்கள் விட்டுவிடலாம். நான்கைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். கெட்டியானவுடன் இறக்கினால் நாக்கில் மாவு தட்டும். கரண்டியின் பின்புறத்தில் படிந்த சாஸில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம்.

கோழி போடுவதென்றால் நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்கே அரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, கொஞ்சம் கிச்சாப், ஒரு டீஸ்பூன் சோள மாவு, அரை முட்டை வெள்ளைக்கருவோடு பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் மேலே வழவழப்பு பிடித்து மெத்தென்று இருக்கும். பிறகு குவாலியில் பெரிய சதுரமாக வெட்டிய வெங்காயத்தைத் தீ அதிகமாக வைத்து ஒரு புரட்டு புரட்டி, சாஸ், கோழி, ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணி சேர்த்து, கோழி உள்ளே முழுக்க வேகும்வரை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெங்காயம் கடித்தால் மொறுக்கென்று இருக்க வேண்டும். சைவத்துக்குப் பொரித்த தௌஃபு (டோஃபு) நல்ல பொருத்தம், சாஸை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

சிப்ஸுக்கு உருளைக்கிழங்கைத் தடியாக வெட்டி இரண்டு முறை பொரித்தெடுங்கள், அது போதும். மிஞ்சிய சாஸ் குளிர்ப்பெட்டியில் இறுகி அல்வா பதத்துக்கு வந்துவிடும். சூடாக்கும்போது இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் விட்டு, ஒரு கொதி வரும்வரை கிண்டினால் பழையபடி வழியும். உப்பை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.