வயிற்றுக் கொழுப்பு: டேப்பை எங்கே வைத்து அளப்பது?

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். புனேயின் டாக்டர் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) ஒன்றேதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு இதை எழுதினார்கள்.

கையில் பிடிபடும் தொப்பைச் சதையைவிட, உள்ளே குடலைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் ஆபத்து. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. அப்புறம் இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்பதில்லை. சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும்.

சரி, அளப்போம். தையல் டேப் போதும். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், வேண்டாம். பட்டனை அழுத்தினால் தானே சுருளும் ஃபைபர் டேப்தான் எனக்குப் பிடித்தது.

1. சட்டையைத் தூக்கிவிட்டு, பாதங்களைச் சேர்த்து நேராக நில்லுங்கள்.

2. எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். பேன்ட் நிற்கும் இடம் இடுப்பு அல்ல. தொப்புளும் அடையாளம் ஆகாது, தொப்பை சரிந்தால் அதுவும் கூடவே இறங்கிவிடும். பக்கவாட்டில் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். கடைசி விலா எலும்பு முடியும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. இடுப்பில் கைவைத்து நிற்கும்போது கை உட்காரும் எலும்பு மேட்டின் மேல் விளிம்பில் இன்னொன்று. எலும்பு தட்டுப்படவில்லையா? அதே பக்கம் லேசாகச் சாய்ந்தால் சதை தளர்ந்து விரலுக்குப் பிடிபடும். இரண்டுக்கும் நட்டநடுவில்தான் டேப். அப்பாவுக்கு நான்தான் அளக்கிறேன்: வேட்டி கட்டும் இடத்தில் 88 செ.மீ., சரியான இடத்தில் 93.

3. டேப் முதுகுப்பக்கம் இறங்காமல் தரைக்கு இணையாக இருக்கட்டும். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது.

4. மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் படியுங்கள். வயிற்றை எக்காதீர்கள். மறுபடி அளந்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலிலிருந்து.

நம்மவர்களுக்கு எல்லை: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாண்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பின்சேர்க்கை: பாவாடை நாடா பதிந்த தடத்தில் அளக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், அங்கே சதை அமுங்கியிருக்கும். நாடாவைத் தளர்த்திவிட்டு எலும்பைத் தேடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.