குளிர் தரையிலிருந்துதான் வந்தது

முதல் குளிர்கால முகாமில் இரவு முழுக்க நடுங்கினேன். நல்ல ஸ்லீப்பிங் பேக், மேலே கம்பளி வேறு. ஆனாலும் முதுகு சில்லிட்டது. காரணம் அப்புறம்தான் புரிந்தது: உடல் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கி, உள்ளே காற்று நிற்பதில்லை, உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்கிறது. அடுத்த முறை ஃபோம் பாயை விரித்து, அதன் மேல் காற்றடைத்த பாயைப் போட்டேன். இரண்டின் ஆர் மதிப்பையும், அதாவது சூடு வெளியேறாமல் பாய் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவையும், கூட்டிக்கொள்ளலாம். 2-ம் 3-ம் சேர்ந்து 5. அன்று விடியும்வரை அசையாமல் தூங்கினேன்!

காலையில் கூடாரத்தின் உள்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். பெரும்பாலும் நம் மூச்சுதான். மேலே உள்ள காற்றுவழியைத் திறந்து வைத்ததும் குறைந்தது. தயவுசெய்து கூடாரத்துக்குள் அடுப்பு மட்டும் பற்றவைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நான் இறுக்கி மூடிய வெந்நீர் பாட்டிலைச் சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்கிறேன்.