பூவையும் பூச்சியையும் கிட்டப் போய்ப் படம் எடுப்பது எப்படி? கறிவேப்பிலைச் செடியில் தொடங்கலாம்

நல்ல பூப்படம் வேண்டுமென்றால் ஏற்காட்டுக்குத்தான் போகணும் என்று சேலத்தில் நிறைய பேர் நினைக்கிறார்கள். ஆனால் மே மாதக் கோடை விழாவில், அண்ணா பூங்காக் கூட்டத்துக்கு நடுவே குனிந்து நின்று ஃபோகஸ் பழக முடியாது. வீட்டுக் கறிவேப்பிலைச் செடியே போதும். கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். அதன் இளம் புழு பறவை எச்சம் மாதிரியே இலைமேல் உட்கார்ந்திருக்கும், ஓடாது. பழக இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

முதல் வேலை, சீக்கிரம் எழுந்திருப்பது. பூச்சிகளின் உடல் சூடு சுற்றியிருக்கிற சூட்டைப் பொறுத்தது என்பதால் வெயில் படும்வரை மந்தமாக இருக்கும், காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஒன்பது மணிக்கு மேல் சேலத்து வெயிலில் நந்தியாவட்டையை எடுத்தால் இதழ் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் வரும்.

அடுத்து கருவி. மொபைலில் ‘மேக்ரோ’ என்று தனியாக வருகிற 2 மெகாபிக்சல் கேமராவை நம்ப வேண்டாம், மெயின் கேமராவில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்வதே மேல். லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா இருந்தால் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் வளையம்தான். லென்ஸை சென்சாரிலிருந்து (கேமராவுக்குள் படம் பதிகிற சில்லு) தள்ளி வைப்பதால் இன்னும் கிட்டப் போய் ஃபோகஸ் செய்ய முடிகிறது. 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் போட்டால், பூச்சி தன் அசல் அளவில் ஏறக்குறைய பாதியாக சென்சாரில் விழும். எலெக்ட்ரிக் கான்டாக்ட் (கேமராவையும் லென்ஸையும் மின்சாரத்தில் இணைக்கிற உலோகப் புள்ளிகள்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பெரும்பாலான லென்ஸ்களில் கேமராவிலிருந்து அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழைகிற துளையை, மாற்ற முடியாது.

இப்போதுதான் உண்மையான தலைவலி. கிட்டப் போகப் போக, தெளிவாக விழுகிற பகுதியின் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். துளையைச் சின்னதாக்கினால் அது கொஞ்சம் கூடும், எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும். அதனால் அபெர்ச்சரை எஃப் 8க்கும் 11க்கும் நடுவில் வையுங்கள் (16ஐத் தாண்டினால் படம் முழுக்க மெல்ல மங்கத் தொடங்கும்), இலை ஆடுவதால் ஷட்டர் வேகம் நொடியில் 250ல் ஒரு பங்காவது வேண்டும். இரண்டையும் வைத்தால் வெளிச்சம் போதாது. ஐஎஸ்ஓவை (சென்சார் ஒளியை உணர்கிற அளவு) 800 வரை ஏற்றுங்கள், அப்படியும் போதவில்லையென்றால் ஃபிளாஷ். ஆனால் கேமராவோடு சேர்ந்தே வருகிற ஃபிளாஷைப் போட்டால் லென்ஸின் நிழலே படத்தின் அடியில் விழும், தனி ஃபிளாஷ்தான் சரி. ஒளியை மென்மையாக்க அந்த ஃபிளாஷின் முகப்பில் பட்டர் பேப்பர் கட்டாவிட்டால் வண்டின் முதுகு பளீரென்று வெளுத்துவிடும். என்னைக் கேட்டால் விலை கூடிய லென்ஸைவிட அந்த பட்டர் பேப்பர்தான் முக்கியம்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸ் வளையத்தைக் கிட்டத்துக்குத் திருப்பி அப்படியே விட்டுவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, கண் தெளியும் நொடியில் தொடர்ச்சியாக நாலைந்து படம் தட்டுங்கள். காலோ இறக்கையோ மங்கினால் பரவாயில்லை, கண் மங்கினால் படம் போச்சு. இடது கையால் அந்தக் கிளையையே பிடித்து, லென்ஸை அதே கைமேல் சாய்த்துக்கொண்டால், காற்றில் ஆடினாலும் கேமராவும் பூவும் சேர்ந்தே ஆடும். டிரைபாடைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால் பக்கவாட்டில் போங்கள், முழு இறக்கையும் ஒரே தளத்தில் இருப்பதால் தெளிவாக விழும்.

நெருங்கும்போது உங்கள் நிழல் பூச்சிமேல் விழக் கூடாது. பூவில் மும்முரமாக இருக்கிற தேனீ பெரும்பாலும் உங்களைக் கண்டுகொள்ளாது, குளவிக் கூட்டிலிருந்து மட்டும் தள்ளியே இருங்கள். அப்புறம், பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது, பசை போட்டு ஒட்டுவது எல்லாம் சிலர் செய்கிறார்கள். அருவருப்பான வேலை அது.

கை பழகினதும் ஏற்காடு. மூடுபனியே பெரிய பட்டர் பேப்பர் மாதிரி ஒளியை மென்மையாக்கிவிடும். கோடை மழை பெய்து சில நாளில், பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூக்கும், தேனீக்கள் மொய்க்கும். சில நாளில் வாடிவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். எஸ்டேட்டுக்குள் போவதற்கு முன் அனுமதி கேளுங்கள். காரில் போகிறவர்கள் கடைசிக் கொண்டை ஊசி வளைவுகள் வரும்போதே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் இறங்கினதும் ஈரக்காற்று பட்டு லென்ஸ் பூத்துப்போய், அது தெளிகிறவரை சும்மா நிற்க வேண்டியிருக்கும்.