நாள்பட்ட நுரையீரல் தொற்று: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுரையீரல் தொற்று தீராமல் தொடர்பவர்கள் புதிதாகச் சிகிச்சைக்கு வரும்போது, முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புகையை விடுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் ஏற்கெனவே பலரும் சொல்லியிருப்பார்கள். நான் எழுதுவது மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டாசிஸோடும், அங்கே குடியேறும் என்டிஎம் கிருமிகளோடும் வாழ்பவர்களுக்கு. என்டிஎம் என்பவை காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தவை. ஆனால் காசநோயை உண்டாக்காதவை. மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பவை.

சளியைச் சோதிக்காமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் சாப்பிடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

என்னோடு சிகிச்சை பெற்ற ஓர் அக்கா, ஒருநாள் தன் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். இருமல் கூடும்போதெல்லாம் அசித்ரோமைசின். பிறகு தினமும் அதே மாத்திரை, பல மாதங்களுக்கு. அவ்வளவு சீட்டுகளுக்கு நடுவில் சளிப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. எடை குறைந்து, சளியில் இரத்தம் வந்த பிறகுதான் கல்ச்சர், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்தார்கள். வந்தது மேக் எனப்படும் என்டிஎம் வகை. கிளாரித்ரோமைசினுக்கு நேரே ‘ரெசிஸ்டன்ட்’ என்று அச்சாகியிருந்தது. கிளாரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றதற்கும் அடங்காது.

மேக் தொற்றில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். அவற்றில் ஒரு சில, இயல்பான மரபணு மாற்றத்தால் இந்த மருந்துக்குத் தப்பக்கூடியவை. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, தப்பியவை மட்டும் பெருகும். அதனால்தான் அசித்ரோமைசினுடன் எத்தாம்பியூட்டால், பெரும்பாலும் ரிஃபாம்பிசினும் சேர்த்துத் தருகிறார்கள். சளியில் கிருமி இல்லை என்று ஆன பிறகும் 12 மாதம் தொடரச் சொல்கிறார்கள். இந்தக் கூட்டுக்கு முதுகெலும்பே அசித்ரோமைசின்தான். அது பயனற்றுப் போனால் ஈடாக நிற்க வேறு மாத்திரை கிடையாது. அமிக்காசின் ஊசி, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று போகும், குணமாகும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

அசித்ரோமைசின் கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. பிராங்கியெக்டாசிஸ் அடிக்கடி முற்றுபவர்களுக்கு நீண்ட காலம் அதைத் தருவது முறையான சிகிச்சைதான். ஆனால் அதற்கு முன் சளியில் என்டிஎம் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். “டாக்டர், என்டிஎம் கல்ச்சர் பார்த்தாச்சா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில நாளில் வரும் சாதாரண கல்ச்சர் நார்மல் என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள். அதில் என்டிஎம் பொதுவாகத் தெரியாது. மைக்கோபாக்டீரியா கல்ச்சர் என்று தனியாக எழுதி அனுப்ப வேண்டும், முடிவுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கடுமையாக இருந்தால் அத்தனை வாரம் காத்திருக்க முடியாது, காத்திருக்கவும் கூடாது. முடிந்தவரை சளியைக் கொடுத்துவிட்டு, டாக்டர் சொல்லும் மருந்தைத் தொடங்குங்கள்.

சோதனைக்குச் சளிக்குப் பதில் எச்சிலைக் கொடுப்பது

காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கொடுங்கள். வரவில்லையென்றால் உப்புநீர் நெபுலைசர் வைத்து எடுக்கக் கேளுங்கள்.

ஏஎஃப்பி பாசிட்டிவ் என்றதும் காசநோய் என்று முடிவுகட்டுவது

ஏஎஃப்பி என்பது சளியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை. அதில் காசநோய்க் கிருமியும் என்டிஎம்மும் ஒன்றுபோலவே தெரியும். கிருமியின் மரபணுவைப் பார்க்கும் மூலக்கூறு பரிசோதனையோ கல்ச்சரோதான் பிரித்துச் சொல்லும். காசநோய்க்குத் தரும் பைரசினமைடு மேக் கிருமியிடம் எடுபடாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஒரே ஒரு சளிக் கல்ச்சரில் என்டிஎம் வந்ததும் நோய் என்று பதறுவது. அறிகுறி, சிடி ஸ்கேன், தனித்தனியாகக் கொடுத்த குறைந்தது இரண்டு சளி மாதிரிகளில் அதே கிருமி என்று மூன்றும் பொருந்த வேண்டும்.

கண்ணைப் பார்க்காமல் எத்தாம்பியூட்டால்

இந்த மருந்து சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கலாம். தொடங்கும் முன்பே பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதித்துக்கொள்ளுங்கள், பிறகு அவ்வப்போது. சிவப்பு மங்கினாலோ எழுத்து கலங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை தள்ளிப்போடாதீர்கள்.

சளி இருமலுக்கு இருமலை அடக்கும் சிரப்

டாக்டர் சொல்லாமல் வேண்டாம். அந்தச் சளி வெளியே வர வேண்டியது.

நன்றாக இருக்கும் நாளில் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியை விடுவது

சளி அன்றைக்கும் சுரக்கிறது.

சிடி ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைத் தொலைப்பது

புது டாக்டர் பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டுத்தான் நோய் முன்னேறுகிறதா என்று பார்ப்பார். சிடி ஸ்கேன் படங்களையும் எல்லாக் கல்ச்சர் ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் முதல் தாளில் எழுதுங்கள்.